ஒரு கப் வெண்ணெய், நூற்று நாற்பத்திரண்டு கிராம்

எங்கள் அடுப்படிச் சுவரில் ஒரு பழைய மாதக் காலண்டர் தொங்குகிறது. அதன் வருடம் முடிந்து போயும் அதை நான் இறக்கவில்லை. ஜூன் மாதத் தாளின் ஓரத்தில் நீலப் பேனாவில், என் கையெழுத்தில், "1 கப் வெண்ணெய் = 142 கிராம்" என்று எழுதியிருக்கும். கீழே இரட்டைக் கோடு வேறு போட்டிருப்பேன். சமையல் தெரிந்த யார் வந்தாலும் அதைப் பார்த்துவிட்டு அப்புறம் என்னைப் பார்ப்பார்கள். தப்பான கணக்குதான், எனக்கும் தெரியும். ஆனாலும் அதை அடித்துவிட எனக்கு மனசு வரவில்லை.

நான் வேலை பார்ப்பது கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு குடோனில். அப்பா போடியிலிருந்து மூட்டை தூக்க வந்த இடம் அது. அதே குடோனின் சாம்பிள் ரூமுக்குள் நான் நுழைந்து அந்த ஜூன் மாதத்தோடு பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. சாம்பிள் ரூம் என்றதும் பெரிய ஆராய்ச்சிக்கூடம் என்று நினைக்க வேண்டாம். ஒரு மேஜை, ஒரு தராசு, ஒரு லிட்டர் பிடிக்கிற எவர்சில்வர் பாத்திரம், அதற்கு மேலே ஒரு புனல், ஒரு மரச்சட்டம், அப்புறம் நான். வருகிற மிளகு கனமா சோடையா என்று சொல்வது என் வேலை. புனலின் அடியைத் திறந்தால் மிளகு தானாக விழுந்து பாத்திரம் நிறையும். மரச்சட்டத்தால் தலையை வழித்துவிட்டு நிறுக்க வேண்டும். ஒரு லிட்டர் மிளகு ஐந்நூற்றைம்பது கிராமுக்கு மேல் நின்றால் நல்ல சரக்கு. ரொம்பக் கீழே போனால் உள்ளே வெறும் தோல். இதற்கு எங்கள் பக்கத்தில் லிட்டர் வெயிட் என்று பெயர்.

இதில் ஒரே ஒரு விதிதான் உண்டு. பாத்திரத்தைத் தட்டக் கூடாது, குலுக்கக் கூடாது, அமுக்கக் கூடாது. தட்டினால் மிளகு இறங்கிக்கொள்ளும், இன்னும் ஒரு கை உள்ளே போகும், சோடை மிளகும் நல்ல மிளகு மாதிரி கனம் காட்டும். விற்க வருகிறவர்களின் ஆட்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒருமுறை ஒருவர் என்னிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே முழங்காலால் மேஜையை ஒரு இடி இடித்தார். தெரியாமல் பட்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டார். நான் பாத்திரத்தில் இருந்ததைக் கவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். இரண்டாவது தடவையும் இடித்தார். மறுபடி கவிழ்த்தேன். மூன்றாவது தடவை அவரே இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

எப்போதுமே மூன்று தடவை அளப்போம். மூன்றும் ஒட்டி வந்தால்தான் நோட்டில் எழுதுவோம். பத்தொன்பது வருடத்தில் இந்தப் பழக்கம் எனக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். பஸ் நம்பரை மூன்று தடவை படிப்பதற்குள் பஸ் போய்விடும்.

இப்படிப்பட்டவளுக்குச் சமையல் குறிப்புகள் என்றாலே எரிச்சல் வரும். முறுக்குக்கு எவ்வளவு வெண்ணெய் என்று கேட்டால் "எலுமிச்சை அளவு" என்பார்கள். யார் வீட்டு எலுமிச்சை? சந்தையில் கோலிக்குண்டு அளவிலும் இருக்கிறது, சாத்துக்குடி அளவிலும் இருக்கிறது. "நெல்லிக்காய் அளவு" என்று சொல்கிறவர்கள் இன்னொரு கூட்டம். நான் வீட்டுக்கு வந்து சின்னத் தராசில் நிறுத்து, பதினெட்டு கிராம், நாற்பது கிராம் என்று காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்வேன். தம்பி என்னைக் கிண்டல் செய்வான். "அக்கா, எனக்கு இன்னும் முப்பது கிராம் சட்னி" என்று தட்டை நீட்டுவான்.

தம்பி என்னைவிடப் பதினொரு வயது இளையவன். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது அவன் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இப்போது அவன் தேவரா பக்கம் கப்பல் வேலை செய்கிற ஒரு பட்டறையில் வெல்டர். தினமும் போட்டில் அக்கரைக்குப் போகிறவன். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, போட்டில் பார்க்கிற ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னான். ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை முடிவுகளை எழுதித் தருகிற வேலை. மலையாளிப் பெண். பழக்கமாகி ஒன்றரை வருடம் ஆகிறதாம். ஒன்றரை வருடம் என் கண்ணில் மண்ணைத் தூவியிருக்கிறான். எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது, கடைசியில் சிரிப்புதான் நின்றது.

பெண்ணின் அப்பா தேவராவில் சின்னதாக ஒரு பேக்கரி வைத்திருக்கிறார். மனைவி இல்லை, ஒரே மகள். மகள் விஷயத்தைச் சொன்னதும் அவர் கத்தவில்லையாம். "பெற்றவர்கள் இல்லாத பையன், ஒப்பந்த வேலை, தமிழ்க் குடும்பம், ஒரே ஒரு அக்கா. நான் ஒருநாள் போய் அந்த வீட்டைப் பார்க்கிறேன். பார்த்துவிட்டு என்ன சொல்கிறேனோ அதுதான். அதற்கப்புறம் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார். மகளும் சம்மதித்துவிட்டாள். ஆக, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு சாயா. அதில் என் தம்பியின் வாழ்க்கை ஒரு பக்கமாகச் சாய வேண்டும்.

"என்ன பண்ணி வைக்கலாம்? கேசரி? பஜ்ஜி?" என்று கேட்டேன்.

"எதுனாலும் வையி. கேக் மட்டும் வேணாம்க்கா. அவரு பேக்கரிக்காரரு. யாரு வீட்டுக்குப் போனாலும் பயந்துக்கிட்டு அவருக்குக் கேக் வைக்கவே மாட்டாங்களாம். லட்டும் சிப்ஸும்தான். போன வாரம் சிரிச்சுக்கிட்டே சொன்னாராம், தமிழ் வீட்ல வெண்ணெய் வாங்கினா நெய்யா உருக்கத்தான் தெரியும், கேக் எல்லாம் எங்கருந்து வரப்போவுதுன்னு."

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"அப்ப கேக்தான்" என்றேன்.

"அக்கா..."

"வெண்ணெய்க் கேக். அந்தப் பொண்ணுகிட்ட செய்முறை வாங்கு."

அந்தப் பெண் ஃபோனில் எங்கிருந்தோ எடுத்து அனுப்பினாள். மைதா ஒன்றரை கப், வெண்ணெய் ஒரு கப், பொடித்த சர்க்கரை ஒரு கப், முட்டை நான்கு. எல்லாம் கப்பில்தான். பரவாயில்லை, கப்பை கிராமாக மாற்றுவது எனக்கு என்ன பெரிய விஷயம்? தினமும் சோறு போடுகிற வேலையே அதுதானே. அளவுக் கப் ஒரு செட் வாங்கினேன். பெரிய கப்பின் அடியில் 240 மில்லி என்று அச்சடித்திருந்தது. சனிக்கிழமை மத்தியானம் அடுப்படி மேடையைத் துடைத்துத் தராசை வைத்து உட்கார்ந்தேன்.

மைதாவும் சர்க்கரையும் ஒழுங்காக வந்தன. மிளகுக்குச் செய்வதுபோலவே தூவி, தலையை வழித்து, நிறுத்தேன். அடுத்தது வெண்ணெய். பாக்கெட்டை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு கத்தியால் சின்னச் சின்னக் கட்டங்களாக நறுக்கினேன். கட்டங்கள் கெட்டியாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தன. அவற்றைக் கப்புக்குள் மெல்ல உதிர்த்தேன். தட்டவில்லை, குலுக்கவில்லை. தலைக்கு மேலே நின்றதை ஒரு மரச்சட்டத்தால் வழித்தேன். நிறுத்தேன். 141. கவிழ்த்துவிட்டு மறுபடி அளந்தேன். 143. மூன்றாவது தடவை 142. எவ்வளவு அழகாக ஒட்டி வருகிறது என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். காலண்டரில் எழுதி இரட்டைக் கோடு போட்டேன்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த தம்பி ஃபோனை நோண்டினான். "அக்கா, இதுல ஒரு கப் வெண்ணெய் இருநூத்தி இருபத்தேழு கிராம்னு போட்டுருக்கு."

"எந்த ஊர்க்காரன் போட்டது?"

"அமெரிக்கான்னு நினைக்கிறேன்."

"அதான். அவன் ஊரு வெண்ணெய் கனமா இருக்கும்."

"வெண்ணெய்ல என்னக்கா கனம், லேசு?"

"ஏன், வயநாட்டு மிளகும் வெளிநாட்டு மிளகும் ஒரே கனமாவா நிக்குது? ஊருக்கு ஊரு லிட்டர் வெயிட் மாறும்டா. மிளகு மாறும்போது வெண்ணெய் மாறாதா? மூணு தடவ அளந்திருக்கேன், கண்ணு முன்னாடி. ஃபோன் சொல்றதக் கேக்குறதா, தராசு சொல்றதக் கேக்குறதா?"

அவன் ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டான். பத்தொன்பது வருட அனுபவத்தோடு எவன் வாதாடுவான்? எனக்கு அன்று ஒரு சந்தேகம்கூட வரவில்லை. அதுதான் இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தப்பை மூன்று தடவை அளந்தால் மூன்று தடவையும் அதே தப்புதான் வரும் என்பது எங்கள் சாம்பிள் ரூமில் யாரும் எனக்குச் சொல்லித் தராதது.

ஞாயிறு காலையில் மழை பிடித்துக்கொண்டது. எங்களிடம் ஓவன் கிடையாது. பெரிய குக்கரில் உப்பைப் பரப்பிச் சூடாக்கி, அதற்குள் கேக் பாத்திரத்தை இறக்குவதுதான் வழி. மாவு கலக்கும்போதே கரண்டி அசைய மறுத்தது. முட்டை சின்னதாக இருந்திருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் பால் விடலாமே என்றான் தம்பி. அளவை மீறி ஒரு சொட்டுகூட விட மாட்டேன் என்றேன். குடோனிலிருந்து வாங்கி வந்த நல்ல பச்சை ஏலக்காயைத் தட்டிப் போட்டேன். அரை மணி நேரத்தில் வீடு முழுக்க வாசனை. குக்கரைத் திறந்தால் கேக் நன்றாக எழும்பி, நடுவில் பிளந்து, தங்க நிறத்தில் நின்றது. விருந்தாளி முன்னால்தான் வெட்ட வேண்டும் என்பதால் ருசி பார்க்கவில்லை. தம்பி புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே இருந்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

நாலு மணிக்கு ஸ்கூட்டர் வந்து நின்றது. அப்பா ஓட்ட, மகள் பின்னால் குடை பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். அவர் ஒல்லியான மனிதர், வெள்ளை வேட்டி, முழங்கை வரை மடித்த சட்டை. முன்கையில் பழைய அடுப்புச் சூட்டுத் தழும்புகள். படியேறி வந்து வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். இஞ்சியும் மிளகும் கலந்த எங்கள் தெரு வாசனை அவரோடு உள்ளே வந்தது. அவர் பேக்கரியில் முன்பு திருநெல்வேலிக்காரர்கள் இரண்டு பேர் மாவு பிசைந்தார்களாம், அதனால் தமிழ் கொஞ்சம் வரும் என்றார். மகள் என் பக்கத்தில் வந்து "சேச்சி" என்று கையைப் பிடித்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. பயந்திருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது.

கேக்கைக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எனிக்கோ? கேக்கோ?"

"ஆமா சேட்டா. தமிழ் வீட்டு வெண்ணெய்க் கேக்."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். தம்பி கண்ணை மூடிக்கொண்டான். அவர் முகத்தில் மட்டும் ஒரு சின்னப் பையனுடைய சந்தோஷம் வந்ததை நான் பார்த்தேன். கத்தியை வைத்ததும் கேக் வெட்டுப்படாமல் உதிர்ந்தது. ஒரு துண்டை எப்படியோ தட்டில் சேர்த்துக் கொடுத்தேன்.

வாயில் போட்டார், மென்றார், ரொம்ப நேரம் மென்றார். சாயாவை எடுத்து ஒரு வாய் குடித்தார், தண்ணீர் டம்ளரையும் எடுத்தார். விழுங்கி முடித்து, உள்ளங்கையில் மிச்சமிருந்த தூளைப் பார்த்தார்.

"நல்ல ஏலக்கா" என்றார்.

பிறகு, "மோளே, இதுல வெண்ண எத்தற போட்டு?"

"ஒரு கப்."

"ஒரு கப்பு இல்லா, கேட்டோ."

"ஒரு கப்தான் சேட்டா."

"எனிக்கு நாப்பது வருஷமா போர்மாவுல ஜோலி. வாயில வெச்சா தெரியும். இதுல ஒரு கப்பு இல்லா." போர்மா என்பது பேக்கரியின் அடுப்பறை.

எனக்கு ஜிவ்வென்று ஏறியது. சமைக்கத் தெரியாதவள் என்று சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். குறைத்துப் போட்டேன் என்கிறாரே! அளவில் கை வைத்தேன் என்று பத்தொன்பது வருடத்தில் ஒருவரும் என்னைச் சொன்னதில்லை. பெண் வீட்டுக்காரர், பெரியவர், தம்பியின் வாழ்க்கை, எல்லாம் அந்த நிமிஷம் என் நினைவிலிருந்து ஓடிவிட்டன.

"உள்ள வாங்க, காட்டுறேன்" என்று எழுந்துவிட்டேன்.

"அக்கா, வேணாம்க்கா" என்றான் தம்பி.

அதற்குள் நான் அடுப்படியில் தராசை வைத்துவிட்டேன். அவரும் பின்னாலேயே வந்தார். ஃப்ரிட்ஜிலிருந்து மிச்ச வெண்ணெயை எடுத்து, நறுக்கி, கப்புக்குள் உதிர்த்து, சட்டத்தால் வழித்து, தராசில் வைத்தேன். 142. காலண்டரைச் சுட்டிக் காட்டினேன்.

"பாருங்க. இது எங்க சாம்பிள் ரூம் முறை. மூணு தடவ அளந்தது. நேத்தும் இதுதான், இன்னிக்கும் இதுதான்."

அவர் தராசைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் கிடந்த ஸ்பூனை எடுத்து, அதன் முதுகால் கப்பில் இருந்த வெண்ணெயைப் பலமாக அமுக்கினார். கட்டங்களுக்கு நடுவிலிருந்த காற்றெல்லாம் போய், வெண்ணெய் பாதிக்குச் சற்று மேலே வரை இறங்கி உட்கார்ந்தது. வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன். அவர் இன்னும் கொஞ்சம் வெண்ணெயை எடுத்துப் போட்டு அமுக்கினார். இன்னும் கொஞ்சம் போட்டார். கப் விளிம்பு வரை நிறைந்ததும் வழித்துவிட்டுத் தராசில் வைத்தார். 226.

"ஃபோன்ல இருநூத்தி இருபத்தேழு" என்றாள் மகள், வாசலில் நின்று தன் ஃபோனைப் பார்த்தபடி, மெதுவாக.

ஸ்பூனில் ஒட்டியிருந்ததை நான் விரலால் வழித்து விளிம்பில் இருந்த சின்னப் பள்ளத்தில் தடவினேன். 227.

ஒரு கப்புக்கு எண்பத்தைந்து கிராம் குறைத்துப் போட்டிருக்கிறேன். அதுவும் நாற்பது வருட பேக்கரிக்காரருக்கு, அவரை வேறு உள்ளே கூப்பிட்டுச் சண்டை போட்டு. எனக்கு முகமெல்லாம் தீயாக எரிந்தது. தம்பி சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். அவன் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோம் என்றுதான் அந்த நேரம் தோன்றியது.

"அய்யோ மோளே" என்றார் அவர். "இது குருமுளகு அல்லா. வெண்ணயாக்கும்!"

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு, மேடையில் கை ஊன்றி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். மகள் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டாள். தம்பி சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தான். நான் சிரிக்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும் கேட்டார். "அமுக்கினா கூடுதல் பிடிக்கும்னு நிங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியும் சேட்டா. தெரிஞ்சுதான் அமுக்கல. எங்க ரூம்ல அமுக்குனா அது களவு. ஒரு தட்டு தட்டினாலே களவு. அமுக்காம அளந்து அளந்து கை அப்படியே பழகிப்போச்சு. வெண்ணெய்க்கு அமுக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல."

"எத்தற வருஷமா?"

"பத்தொம்பது."

"ஒரு தடவகூட தட்டல?"

"இல்ல."

அவர் தம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"இவன வளத்தது நிங்களா?"

"ஆமா. அஞ்சாவதுலருந்து."

"ம்" என்றார். அவ்வளவுதான். நல்லதா கெட்டதா என்று ஒன்றும் தெரியாத ஒரு "ம்".

பிறகு அவர் செய்ததுதான் வேடிக்கை. கேக்கைத் தட்டோடு அடுப்படிக்குக் கொண்டுவரச் சொன்னார். "ஒணங்கின கேக் எங்க போர்மாவுல வேஸ்ட் போகாது. அது ரஸ்க் ஆவும்" என்றார். உதிர்ந்தது போக மிச்சத்தை நீளநீளத் துண்டுகளாக, கத்தியை அழுத்தாமல் ரம்பம் போல இழுத்து இழுத்து வெட்டினார். ஒரு துண்டுகூட உடையவில்லை. "தோசக் கல்லு உண்டோ?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் அடுப்பின் முன்னால் நின்று, தீயைச் சிறிதாக்கி, துண்டுகளைக் கல்லில் அடுக்கினார். மகளிடம் திருப்பிப் போடச் சொன்னார். தம்பியிடம் சாயா போடச் சொன்னார். என்னிடம் மட்டும் ஒன்றும் செய்ய வேண்டாம், உட்கார் என்றார். சொந்த அடுப்படியில் விருந்தாளி மாதிரி நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

கேக் இரண்டு பக்கமும் மொறுமொறுவென்று சிவந்தது. நாலு பேரும் அடுப்படியிலேயே நின்றபடி சாயாவில் முக்கிச் சாப்பிட்டோம். அதன் ருசியை நான் எப்படிச் சொல்ல? ஏலக்காய் மணத்தோடு சாயாவை உறிஞ்சிக்கொண்டு, நாக்கில் கரைந்தது. வெண்ணெய் குறைந்ததனால்தான் இப்படி மொறுமொறுப்பு வந்தது, கூடியிருந்தால் கல்லிலேயே தளர்ந்திருக்கும் என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, நிஜமா என்று இன்றுவரை தெரியாது. அவர் ஐந்து துண்டு சாப்பிட்டார், நான் எண்ணினேன். தம்பி மூன்றாவது துண்டைச் சாயாவுக்குள்ளேயே தவற விட்டான், அந்தப் பெண் தன் ஸ்பூனை அவன் டம்ளருக்குள் விட்டு அதை எடுத்துக் கொடுத்தாள். யாரும் கவனிக்கவில்லை என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டார்கள்.

மழை விட்டது. அவர் கை கழுவினார். மிச்சம் நாலு துண்டை ஒரு பேப்பரில் மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டார். மகள் குடையை எடுத்தாள். தம்பி கதவைப் பிடித்தபடி நின்றான். எனக்கு அடக்க முடியவில்லை.

"சேட்டா, ஒண்ணும் சொல்லலையே" என்றேன்.

அவர் முதல் படியில் நின்று திரும்பினார். "எந்து சொல்ல? நான் இந்த வீட்டுல என்ன இருக்குன்னு பாக்கான் வந்தது. பாத்து. தனக்கு நஷ்டம் வந்தாலும் அமுக்காத்த ஒரு கை இருக்கு. அது வளத்த பையன் இருக்கான். எனிக்கு வேற ஒண்ணும் கேக்கான் இல்லா. சிங்ஙத்துல வெச்சுடலாம்."

சிங்ஙம் என்றால் நமக்கு ஆவணி. கல்யாண மாதம். அந்தப் பெண் குடையைக் கீழே போட்டாள். தம்பி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். எனக்குக் காதில் விழுந்தது, ஆனால் உள்ளே இறங்கவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரே ஒரு தடவையில் எப்படி நம்புவது?

"இன்னொரு தடவ சொல்லுங்க சேட்டா" என்றேன்.

"சிங்ஙத்துல" என்றார்.

என் கண்கள் நிறைந்து அவர் முகம் கலங்கலாகத் தெரிந்தது. "இன்னும் ஒரே ஒரு தடவ" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. இரண்டு கையையும் வாயருகே குவித்து, தெருவுக்கே கேட்கும்படி, "சிங்ஙத்துல!" என்றார்.

மூன்றும் ஒட்டி வந்தன. நான் உள்ளே ஓடிப்போய், காலண்டரில் ஆகஸ்ட் தாளைப் புரட்டி எழுதினேன்.